அட்டன் பட்டறைக்கு ஓவர்ஹெட் கிரேன்: 5 தொன்னா, 10 தொன்னா?

அட்டன்_பட்டறை:
வணக்கம். தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களும் சிறு நீர்மின் நிலைய ஜெனரேட்டர்களும் பழுதுபார்க்கும் பட்டறைக்கு ஓவர்ஹெட் கிரேன் ஒன்று போட வேண்டும். கட்டடத்தின் உள்நீளம் 24 மீட்டர், உள்ளகலம் 9.5 மீட்டர். 6 மீட்டருக்கு ஒரு இரும்புத் தூண். கூரைச் சட்டத்தின் அடிவிளிம்பு தரையிலிருந்து 5.2 மீட்டர். வரும் வேலைகளில் பாரம் கூடியது ஒரு ஜெனரேட்டர், நேம்பிளேட்டில் 3,800 கிலோ. மற்றதெல்லாம் 1.5 தொன்னுக்கு உள்ளே: ரோலர் மேசை, கியர் பொக்ஸ், ட்ரையர் ஃபேன், சிடிசி ரோலர் (தேயிலை இலையை நசுக்கி வெட்டும் பல் உருளை).

கொழும்பிலிருந்து இரண்டு விலை வந்திருக்கிறது. ஒன்று புதிய 5 தொன் ஒற்றைக் கேர்டர் (கிரேன் பாலத்துக்கு ஒரே பீம்). மற்றது பாவித்த 10 தொன் இரட்டைக் கேர்டர். அதன் விரிவு, அதாவது இரு தண்டவாளத்துக்கும் இடைத்தூரம், 12 மீட்டர், வெட்டிப் பொருத்தித் தருவதாகச் சொல்கிறார்கள், விலையும் குறைவு. பெரியதை எடுத்தால் பின்னாளுக்கும் உதவும் என்று பங்காளிகள் நினைக்கிறார்கள். எது சரி?

இரும்புத்தூண்:
தம்பி, தொன் கணக்கைக் கடைசியில் பாருங்கள். முதலில் தூண், பிறகு கொழுக்கியின் உயரம், பிறகு கொழுக்கி போய்ச் சேரும் இடம். இந்த மூன்றும் சரிவராத கட்டடத்தில் 10 தொன் கிரேன் இருந்தும் பயனில்லை.

10 தொன் கிரேனை எடுத்து 4 தொன் மட்டும் தூக்கினாலும், ஓடுபாதையையும் (தண்டவாளத்தைத் தாங்கும் பீம்) தூணையும் அத்திவாரத்தையும் 10 தொன்னுக்கே கணக்கிட வேண்டும். கேர்டரில் எழுதியிருக்கும் பாரத்தை என்றாவது ஒருவர் தூக்குவார்.

சக்கரப் பாரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். தண்டவாளத்துக்குத் தண்டவாளம் 8.8 மீட்டர் என்று வைப்போம். 5 தொன் ஒற்றைக் கேர்டர் கிரேனில் பாலமும் எண்ட் கேரேஜும் (பாலத்தின் இரு முனையிலும் சக்கரம் தாங்கும் சட்டம்) சுமார் 1.6 தொன், ஹொயிஸ்ட் (பாரத்தைத் தூக்கும் இயந்திரம்) 0.5 தொன். ஹொயிஸ்ட் ஒரு பக்கத்தின் கடைசிக்குப் போய் கொழுக்கி தண்டவாளத்திலிருந்து 0.7 மீட்டரில் நிற்கும்போது:

பாலத்தின் பங்கு 1.6 ÷ 4 = 0.4 தொன்.
ஹொயிஸ்டும் பாரமும் (5.5 ÷ 2) × (8.1 ÷ 8.8) = 2.53 தொன்.
ஒரு சக்கரத்துக்கு மொத்தம் 2.93 தொன்.

மின்சாரக் கிரேனுக்கு அதிர்வுக்காக 25 வீதம் கூட்டுவது பிரித்தானிய நியமத்தின் வழக்கம். ஆக 3.7 தொன். அதே முறையில், தன்பாரம் 4.5 தொன்னும் கிராப் (கேர்டர்மேல் ஓடும் ஹொயிஸ்ட் வண்டி) 1.2 தொன்னும் உள்ள 10 தொன் இரட்டைக் கேர்டரைக் கணக்கிட்டால் அதிர்வு இல்லாமலே ஒரு சக்கரத்துக்கு 6.3 தொன்னுக்கு அருகில் வரும். இரண்டு மடங்குக்கும் மேல். கிரேனில் மிச்சம் பிடிக்கும் பணம் தூணிலும் கொங்கிரீட்டிலும் போய்விடும்.

வெட்டிப் பொருத்துவது அதைவிடக் கவலையான விடயம். பெட்டிக் கேர்டருக்கு மேல்நோக்கி ஒரு சிறு வளைவு கொடுத்துத்தான் செய்திருப்பார்கள். உள்ளே குறுக்குத் தகடுகள் கணக்குப்படி நிற்கும். 12 மீட்டரை 8.8 ஆக்கினால் அந்த வளைவும் முனை இணைப்பும் மாறுகின்றன. பழைய சோதனைச் சான்றிதழ் அதற்குப் பிறகு செல்லாது. வெட்டிய பின் யார் கணக்குப் பார்த்துக் கையொப்பமிடுவார் என்று கேளுங்கள். பெயர் சொல்லாவிட்டால் அந்த விலையை விட்டுவிடுங்கள்.

அட்டன்_பட்டறை:
நன்றி அண்ணன். அப்படியென்றால் 5 தொன். அதை இப்போதுள்ள தூண்களிலேயே பிராக்கெட் வைத்துப் போடலாமா?

இரும்புத்தூண்:
அந்தத் தூண்கள் கூரைக்கும் காற்றுக்கும் போட்டவை. பிராக்கெட்டில் வரும் பாரம் தூணின் நடுவில் இறங்காது, பக்கத்தில் இறங்கித் தூணை வளைக்கும். எண்ட் கேரேஜில் சக்கர இடைவெளி 2 மீட்டர் என்றால், ஒரு சக்கரம் தூணுக்கு நேரே நிற்கும்போது அந்தப் பிராக்கெட்டுக்கு 3.7 + 3.7 × 4/6 = 6.2 தொன் வரும். தூணின் மையத்திலிருந்து 350 மி.மீ. தள்ளியிருந்தால் சுமார் 21 கிலோநியூட்டன் மீட்டர் வளைவு. அதோடு ஹொயிஸ்ட் குறுக்கே ஓடி நிற்கும்போது ஹொயிஸ்டும் பாரமும் சேர்ந்ததில் 10 வீதம் பக்கவாட்டில் தள்ளும், பாலம் ஓடி நிற்கும்போது சக்கரப் பாரத்தில் 5 வீதம் நீளவாக்கில் இழுக்கும். நீளவாக்கு இழுப்பைத் தாங்கத் தூண்களுக்கிடையே குறுக்குக் கம்பி வேண்டும். பழைய கட்டடங்களில் லொறி வழி விடுவதற்காக அதைத்தான் முதலில் கழற்றியிருப்பார்கள்.

என் தெரிவு: கட்டடத் தூணைத் தொடாமல் அதன் உட்பக்கம் கிரேனுக்கென்று தனித் தூண் நிறுத்துங்கள். தூண் இடைவெளி 6 மீட்டராகவே இருந்தால் ஓடுபாதை பீமின் தொய்வு விரிவில் 600இல் ஒரு பங்குக்குள், அதாவது 10 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். இந்தச் சக்கரப் பாரத்துக்கு 305×165×54 அளவு ஐ பீம் ஓரளவு பொருந்தும். பக்கவாட்டுத் தள்ளலுக்காக மேல் விளிம்பில் ஒரு சனலைக் (ப வடிவ இரும்பு) கவிழ்த்து வெல்ட் செய்து ஒட்ட வேண்டி வரலாம். இடைவெளியை 4 மீட்டராக்கினால் சிறிய பீம் போதும், தூணும் அத்திவாரமும் கூடும். இரண்டையும் கட்டமைப்புப் பொறியியலாளரிடம் விலையோடு கேளுங்கள். நான் தந்தது பேச்சுக்கான அளவு, கட்டுவதற்கான அளவு அல்ல.

மலைநாட்டில் கூடுதலாக ஒன்று இருக்கிறது. உங்கள் தளம் ஒரு பக்கம் மலையை வெட்டியதும் மறுபக்கம் மண் நிரப்பியதுமா? நம் பக்கத்துப் பட்டறைகளில் பாதி அப்படித்தான் இருக்கும். நிரப்பிய பக்கத் தூண்கள் மழைக்காலத்தில் மெல்ல இறங்கும். தண்டவாளங்களுக்கிடையிலான தூரம் ±5 மி.மீ.க்குள்ளும், இரு பக்க உயர வித்தியாசம் 10 மி.மீ.க்குள்ளும் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் கிரேன் கோணலாக ஓடி சக்கர விளிம்பு தேயும், பிரேக்கை விட்டதும் தாழ்ந்த பக்கம் ஹொயிஸ்ட் தானாக நகரும். நிரப்பிய பக்கத்தில் அத்திவாரம் பழைய உறுதியான மண்ணைத் தொடும்வரை இறங்கட்டும். தண்டவாளத்தின் கீழ் சிம் தகடு போட்டு உயரம் திருத்தக்கூடிய கிளிப்பையே கேளுங்கள், ஒட்டி நிறுத்தாதீர்கள்.

கட்டடத்தை நீட்டும் எண்ணம் இருந்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு மதிப்பீடு நுவரெலியா மாவட்டத்தில் கேட்கப்படும். அதை முன்கூட்டியே தொடங்குங்கள்.

சிலிங்_செக்கல்:
கொழுக்கியின் உயரத்தை யாரும் கணக்கிட்டுப் பார்க்கவில்லை. 5.2 மீட்டர் பார்க்கத்தான் தாராளம். கழித்துக்கொண்டே வாருங்கள்.

கூரைச் சட்டத்துக்கும் கேர்டருக்கும் இடைவெளி 0.15. கேர்டர் ஆழம் 0.5. கேர்டர் அடி 4.55 மீட்டரில் நிற்கும். சாதாரண ஹொயிஸ்ட்டின் கொழுக்கி முழுதும் ஏறினாலும் கேர்டருக்குக் கீழே ஏறக்குறைய 1 மீட்டரில் தொங்கும், ஆகவே 3.55. தாழ்கூரை ஹொயிஸ்ட் என்றால் 0.6 தான், 3.95 கிடைக்கும்.

இப்போது கீழிருந்து வாருங்கள். லொறித் தட்டு 1.2, தூக்கிய பிறகு இடைவெளி 0.2, ஜெனரேட்டர் உயரம் 1.5 என்று வைத்தால் 2.9 ஆகிவிட்டது. தூக்கு வளையங்கள் இரண்டும் 1.4 மீட்டர் இடைவெளியில் இருந்தால் 60 பாகையில் சிலிங் (தூக்கும் கயிறு) போட 1.2 மீட்டர் வேண்டும். மொத்தம் 4.1. இரண்டு ஹொயிஸ்ட்டுக்கும் எட்டாது.

இந்த நேரத்தில்தான் ஆட்கள் சிலிங்கைச் சுருக்குகிறார்கள். அதைச் செய்யவே கூடாது. 3.8 தொன்னுக்கு இரண்டு கால் சிலிங்கில் ஒவ்வொரு காலிலும் வரும் இழுவை: கிடையிலிருந்து 60 பாகையில் 2.2 தொன், 45 பாகையில் 2.7 தொன், 30 பாகையில் 3.8 தொன். அந்த 30 பாகையில் ஒவ்வொரு வளையத்தையும் 3.3 தொன் உள்நோக்கியும் இழுக்கிறது. ஐ பொல்ட் நேராகத் தூக்குவதற்கு உரியது, சாய்ந்த இழுவையில் அதன் தாங்குசக்தி மளமளவென்று இறங்கும். வளையம் வளையும், இல்லாவிட்டால் வார்ப்பிரும்புக் காலிலிருந்து நூலோடு பிடுங்கிக்கொண்டு வரும்.

சரியான வழி ஸ்பிரெடர் பீம், அதாவது கொழுக்கிக்கும் சாமானுக்கும் இடையே கிடையாகத் தொங்கும் ஒரு பீம். மேலே கொழுக்கியில் மாட்டும் இணைப்பும் கீழே நேராகத் தொங்கும் சிறு சிலிங்குகளும் சேர்த்து 0.7 மீட்டரில் முடிக்கலாம். 2.9 + 0.7 = 3.6. சாதாரண ஹொயிஸ்ட்டுக்கு 5 செ.மீ. பற்றாது, தாழ்கூரை ஹொயிஸ்ட்டில் 35 செ.மீ. மிஞ்சும். ஆகவே உங்கள் விலைக்கேட்பில் "தாழ்கூரை ஹொயிஸ்ட்" என்பது கட்டாய வரி. ஸ்பிரெடரும் செக்கலும் (சிலிங் மாட்டும் இரும்பு வளையம்) 250 கிலோ என்று கூட்டினாலும் 4.05 தொன், 5 தொன் போதும். ஸ்பிரெடரிலும் அதன் பாதுகாப்பு வேலைப் பாரம் எழுதியிருக்க வேண்டும். பட்டறையில் கிடக்கும் சனல் இரண்டை ஒட்டி எடுப்பது ஸ்பிரெடர் அல்ல.

ரோலிங்_ரூம்:
இடையில் ஒரு கேள்வி. தேயிலைத் தொழிற்சாலைக்குள் சிடிசி ரோலர் மாற்ற இப்படி முழுக் கிரேன் வேண்டுமா?

இரும்புத்தூண்:
வேண்டாம். சிடிசி இயந்திர வரிசைக்கு நேர் மேலே ஒரு மோனோரெயில் (ட்ரொலி ஓடும் ஒற்றை பீம்), அதில் 1 தொன் ட்ரொலியும் செயின் புளொக்கும் போதும். ரோலரைக் கழற்றி, வரிசையின் கடைசிக்குக் கொண்டுபோய் பல் வெட்டும் மெஷின் பக்கம் இறக்குவதுதான் வேலை. 13 அங்குல ரோலர் என்றால் ஒருமுறை தராசில் நிறுத்து, அந்த எண்ணை மோனோரெயிலில் எழுதிவிடுங்கள். பீமின் கீழ் விளிம்பு ட்ரொலிச் சக்கரத்துக்குக் கீழே தனியாக வளையும், அதனால் விளிம்புத் தடிப்பையும் தனியே பார்க்க வேண்டும். மரத் தளமுள்ள பழைய தொழிற்சாலையில் மேல்தளத்து வளையில் தொங்கவிட வேண்டாம். இலை ஓடும் இடத்துக்கு மேலே கியர் எண்ணெய் சொட்டாதபடி கீழே தட்டு கட்டுங்கள், உணவுத் தரக் கிரீஸ் பாவியுங்கள்.

தலவாக்கலை_மின்:
மின்பக்கம் நான் சொல்கிறேன்.

5 தொன்னை நிமிடத்துக்கு 5 மீட்டர் வேகத்தில் தூக்க ஏறத்தாழ 4.8 கிலோவாட் தேவை. தொடங்கும்போது மோட்டர் ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். இங்கே வழங்கல் 400 வோல்ட், 6 வீதம் கூடக் குறைய இருக்கலாம். தோட்டப்புறத்தில் ட்ரான்ஸ்போமரிலிருந்து தள்ளியிருந்தால் தொடக்க நேரத்தில் இன்னும் விழும். கொன்டாக்டரின் (மோட்டருக்கு மின் விடும் காந்தச் சுவிட்ச்) சுருள் வோல்ட்டேஜில் 85 வீதம் வரைதான் உறுதியாகப் பிடிக்கும். அதற்குக் கீழே போனால் படபடவென்று அடித்து முனைகள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய கொன்டாக்டர் என்றால் பட்டனை விட்டாலும் கொழுக்கி நிற்காது. வாங்குமுன் பட்டறையின் பெரிய மோட்டரை ஓடவிட்டு, கிரேன் பனல் வரப்போகும் இடத்தில் வோல்ட்டேஜ் அளந்து பாருங்கள்.

பேஸ் வரிசை ரிலே கட்டாயம், மூன்று பேஸும் வரிசை மாறி வந்தால் அது கிரேனை ஓட விடாது. லைன் வேலை முடிந்து இரண்டு பேஸ் மாறி வந்தால் மேலே என்ற பட்டனுக்குக் கொழுக்கி கீழே இறங்கும். யாராவது "அப்போ கீழ் பட்டனை அமத்து" என்பார். கொழுக்கி ஏறும், மேல் லிமிட் சுவிட்சைத் தொடும், ஆனால் அந்தச் சுவிட்ச் வெட்டுவது மற்றக் கொன்டாக்டரை. கொழுக்கிக் கட்டு ட்ரம்மில் போய் இடித்து வயர் ரோப் அறும். சிறிய விலையுள்ள ஒரு ரிலே இதைத் தடுக்கிறது. அதோடு பேஸ் வரிசையைப் பொருட்படுத்தாமல் மோட்டர் மின்னையே வெட்டும் இரண்டாவது மேல் லிமிட்டும் கேளுங்கள்.

ஊர் கடல்மட்டத்திலிருந்து இருக்கும் உயரத்தைப் பற்றி விற்பவர்கள் பயமுறுத்துவார்கள். மோட்டருக்கான நியம உயரம் 1,000 மீட்டர், 40 பாகை வெப்பம். அட்டன் ஏறத்தாழ 1,270 மீட்டர். காற்று மெலிந்தாலும் இங்கே வெயில் 40 பாகைக்குக் கிட்டவும் வராது, ஆகவே மோட்டரைப் பெரிதாக்கத் தேவையில்லை. இன்வெர்ட்டருக்கு (மோட்டர் வேகத்தை மாற்றும் சாதனம்) பொதுவாக 1,000 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 1 வீதம் திறன் குறைப்பார்கள். அட்டனுக்கு 3 வீதம், நுவரெலியாவில் 9 வீதம். ஒரு அளவு பெரிய இன்வெர்ட்டர் எடுத்தால் அந்தப் பேச்சு முடிந்தது.

உண்மையான எதிரி ஈரம். மே முதல் செப்டெம்பர் வரை மூடுபனி கட்டடத்துக்குள்ளேயே நிற்கும். பகலில் சூடாகி இரவில் குளிர்ந்த பனலுக்குள் நீர் கோர்க்கும். பனலில் 50 வோட் ஹீட்டர் ஒன்று, கிரேன் வேலை செய்யாத நேரத்திலும் எரியும்படி மெயின் சுவிட்சுக்கு முன்னாலிருந்து தனிச் சுற்றில் எடுக்க வேண்டும். அந்த வயருக்கு எச்சரிக்கைத் தகடு வையுங்கள், ஏனென்றால் மெயினை ஓஃப் செய்தாலும் அதில் மின் இருக்கும். தூசி, நீர் தடுப்பு எண்: மோட்டர் ஐபி55, பெண்டன் பெட்டி (கையில் பிடிக்கும் பட்டன் பெட்டி) ஐபி65, கேபிள் நுழைவு எல்லாம் அடிப்பக்கத்தில். மின் எடுப்புக்கு இந்த நீளத்தில் ஃபெஸ்டூன் (மடிந்து தொங்கி நீளும்) தட்டைக் கேபிள் போதும். திறந்த செம்புக் கம்பி வேண்டாம்.

பிரேக் தட்டு ஈரத்தில் பல நாள் சும்மா நின்றால் துருவால் ஒட்டிக்கொள்ளும், மோட்டர் முனகும், எரியும். பாரமில்லாமல் வாரம் ஒருமுறை மூன்று திசையிலும் ஓட்டிவிடுங்கள். பிரேக் இடைவெளியைத் தயாரிப்பாளர் தந்த அளவுக்கு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்தே பாருங்கள். லைனிங் தேயத் தேய இடைவெளி கூடும், ஒரு கட்டத்துக்கு மேல் காந்தம் தட்டை இழுக்காது. அப்போது பிரேக் பிடித்தபடியே மோட்டர் ஓடும்.

அட்டன்_பட்டறை:
வேகம் என்ன கேட்பது? ஜெனரேட்டரின் ரோட்டரை (சுழலும் பகுதி) வெளியே இழுக்கும் வேலையும் உண்டு.

சிலிங்_செக்கல்:
அப்படியென்றால் இரட்டை வேகம் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். தூக்க நிமிடத்துக்கு 5 மற்றும் 0.8 மீட்டர். பாலமும் ட்ரொலியும் இன்வெர்ட்டரில், 2 முதல் 20 மீட்டர் வரை. ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் (அசையாத பகுதி) இடையே சில மி.மீ. தான். ஒற்றை வேகத்தில் பட்டனைத் தட்டித் தட்டி நகர்த்தினால் ஒவ்வொரு தட்டும் ஒரு தொடக்கம். மோட்டரும் கொன்டாக்டரும் அதனால்தான் சாகின்றன. ஹொயிஸ்ட்டின் உழைப்பு வகுப்பு எம்4 கேளுங்கள், ஃபெம் என்ற ஐரோப்பிய முறையில் 1ஏஎம் என்று எழுதியிருக்கும். மணிக்கு 180 தொடக்கம் அதற்குக் கணக்கு. பழுதுபார்க்கும் பட்டறைக்கு எம்5 வீண் செலவு. எம்3 தூக்க மட்டும் போதும், தட்டி நகர்த்தும் வேலைக்குப் பற்றாது.

பக்க இழுவை பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வாசல் சரிவில் இருந்தால் லொறி முழுதும் உள்ளே வராது. கொழுக்கியை வெளியே சாய்த்து மாட்டிச் சாமானை உள்ளே இழுப்பார்கள். ரோப் கைட் (ரோப்பை ட்ரம்மின் பள்ளத்தில் வழிநடத்தும் வளையம்) உடையும், ரோப் ட்ரம்மின் பள்ளத்திலிருந்து ஏறி ஒன்றன்மேல் ஒன்று சுற்றும், பாரம் தரையை விட்டதும் ஊஞ்சலாடி எதிரே நிற்பவரை அடிக்கும். லொறியின் பின்தட்டு கிரேன் எல்லைக்குள் வரும்படி வாசல் தரையைச் சமப்படுத்துங்கள், அல்லது ஓடுபாதையைத் தூண் போட்டு வெளியே ஒரு பே (ஒரு தூண் இடைவெளி) நீட்டுங்கள்.

அட்டன்_பட்டறை:
வாசல் சரிவுதான். தரையைச் சமப்படுத்துகிறோம். சோதனைப் பாரத்துக்கு இங்கே என்ன செய்வது? கொழும்பிலிருந்து கொண்டுவந்தால் லொறிக் கூலியே பெரிதாகும்.

இரும்புத்தூண்:
கொங்கிரீட் கட்டி வார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கனமீட்டர் ஏறத்தாழ 2.4 தொன். 1.0 × 0.8 × 0.65 மீட்டர் அச்சில் வார்த்தால் ஒன்று 1.25 தொன். அப்படி நான்கு, அதோடு 0.5 தொன்னில் ஒன்றும் 0.75 தொன்னில் ஒன்றும். எல்லாம் சேர்ந்தால் 6.25, அது 125 வீத நிலைச் சோதனைக்கு. 0.75ஐக் கழற்றினால் 5.5, அது 110 வீத ஓட்டச் சோதனைக்கு. தூக்கு வளையத்தின் கம்பி கட்டியின் அடிவரை போய் வளைந்து நிற்க வேண்டும். வார்த்து 28 நாள் கழித்து தராசில் நிறுத்து, எடையை ஒவ்வொன்றிலும் எழுதுங்கள். அடுத்தடுத்த சோதனைக்கும் அவை உதவும்.

நிலைச் சோதனையில் தரையிலிருந்து 100 முதல் 200 மி.மீ. மட்டும் தூக்கி 10 நிமிடம் பிடியுங்கள். பாரம் சறுக்கக் கூடாது, இறக்கிய பிறகு கேர்டர் பழைய நிலைக்கே திரும்ப வேண்டும். 5 தொன்னில் நடுவில் தொய்வு 750இல் ஒரு பங்கு என்ற கணக்கில் 11.7 மி.மீ.க்குள். பாரக் கட்டுப்பாட்டுச் சாதனம் 6.25ஐத் தூக்க விடாது, அதைச் சோதனைக்கு மட்டும் தாண்டவிட்டு, முடிந்ததும் 110 வீதத்துக்குத் திரும்ப அமைத்து முத்திரை வைக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையை மறந்துவிட்டுப் போவதுண்டு, பக்கத்தில் நின்று பாருங்கள்.

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி கிரேனில் பாதுகாப்பு வேலைப் பாரம் தெரியும்படி எழுதியிருக்க வேண்டும், அதிகாரமளிக்கப்பட்டவர் காலத்துக்குக் காலம் பரிசோதித்து அறிக்கை தர வேண்டும். தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளரிடம் நிறுவும் முன்பே பேசிவிடுங்கள்.

ரோலிங்_ரூம்:
8.8 மீட்டர் கேர்டரை ஒரே துண்டாகக் கொண்டுவர முடியுமா?

இரும்புத்தூண்:
கினிகத்தேனை வழியாக லொறியில் வரும். 12 மீட்டர் என்றால் வளைவுகளில் சிக்கும், நடுவில் பொல்ட் இணைப்போடு இரண்டு துண்டாகச் செய்ய வேண்டியிருக்கும். பிரதான வீதியிலிருந்து பட்டறைக்குத் திரும்பும் சந்தியைத்தான் அளந்து பாருங்கள்.

அட்டன்_பட்டறை:
இப்படி விலை கேட்கப் போகிறேன்: 5 தொன், ஒற்றைக் கேர்டர், தண்டவாளத்துக்குத் தண்டவாளம் 8.8 மீட்டர், தாழ்கூரை ஹொயிஸ்ட், எம்4, இரட்டை வேகம், ஓட்டத்துக்கு இன்வெர்ட்டர், பேஸ் வரிசை ரிலே, இரண்டு மேல் லிமிட், பனல் ஹீட்டர், ஐபி55, தனித் தூண். விடுபட்டது உண்டா?

சிலிங்_செக்கல்:
கால்வனைஸ் வயர் ரோப், கொழுக்கி முழுதும் இறங்கியபோதும் ட்ரம்மில் குறைந்தது இரண்டு சுற்று மிச்சம், கொழுக்கியில் சிலிங் நழுவாதபடி நாக்கு. புதிதாக வந்த அன்றே கொழுக்கியின் வாய் அகலத்தை அளந்து பதிவு செய்யுங்கள். பிறகு 10 வீதம் விரிந்தால் மாற்ற வேண்டும், முதல் அளவு இல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

இரும்புத்தூண்:
கொழுக்கி எல்லை காட்டும் வரைபடத்தையும் கேளுங்கள், கையொப்பத்தோடு. இரு பக்கமும் 0.7 மீட்டர் போனால் கொழுக்கி எட்டும் அகலம் 7.4 மீட்டர்தான். நீளத்திலும் இரு முனையில் சுமார் 1 மீட்டர் போகும். அந்த ஓரத்தில் வேர்க் பெஞ்சும் ட்ரில்லும் வையுங்கள். ஜெனரேட்டரைப் பிரிக்கும் இடமும், ரோட்டரை முழு நீளத்துக்கு வெளியே இழுக்கும் வெறுந்தரையும் எல்லைக்குள் வருகின்றனவா என்று தரையில் சோக்கால் கோடு போட்டுப் பார்த்த பிறகு முற்பணம் கொடுங்கள்.